கப்பலை விட்டு இறங்கிய பின் கையில் இருக்கும் ஐந்து மணி நேரம்

பாலோ: பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் வட்டாரத்துக் குடும்பங்களில் இப்போது புதிதாக ஒரு பேச்சு கேட்கிறது. "இந்தத் தடவை அப்பா அம்மாவைக் கப்பலில் கூட்டிப் போகலாமா?" முன்பு கேமரன் மலை, லங்காவி என்று முடிந்துவிடும். இப்போது சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு பினாங்கு, புக்கெட் என்று சுற்றி மூன்று நான்கு இரவில் திரும்பும் உல்லாசக் கப்பல் நமக்கும் எட்டும் விலைக்கு வந்துவிட்டது.

கப்பலுக்குள் என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாள் முழுவதும் சாப்பாடு, நீச்சல் குளம், இரவில் ஆட்டம் பாட்டம். சிக்கல் வருவது கடைசி நாளில்தான். காலையில் கப்பல் சிங்கப்பூரில் கரை சேர்ந்துவிடும். ஜொகூருக்குத் திரும்பும் பஸ்ஸோ ரயிலோ மாலையில். இடையில் உள்ள நேரத்தைப் பெரும்பாலோர் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பேரங்காடியில், பெட்டிகளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து கழிக்கிறார்கள். 2019-இல் நாங்களும் அப்படித்தான் கழித்தோம்.

அன்று ஹார்பர்பிரண்ட் துறைமுகத்தில் இறங்கினோம். குழுவாக வந்தவர்களுக்கு மாலை பஸ். அம்மா என்னிடம், "தம்பி, தஞ்சோங் பகார் ஸ்டேசன் இங்கதானே பக்கத்துல? ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாமா?" என்று கேட்டார். பாலோவுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். சிறு வயதில் தாத்தாவோடு ரயிலேறி, மதராஸிலிருந்து ரஜுலா கப்பலில் வரும் உறவினரை அழைத்துவர அந்த நிலையத்தில்தான் போய் இறங்குவார்களாம். எனக்குப் பெட்டிகளைப் பற்றிய கவலை, பஸ்ஸைத் தவறவிடக் கூடாதே என்ற கவலை. "அடுத்த தடவை பாத்துக்கலாம்மா" என்றேன். டாக்சியில் பத்து நிமிடம்கூட ஆகாத தூரம் அது. ஐந்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பஸ்ஸும் தாமதமாகத்தான் வந்தது.

அதன்பின் கொரோனா வந்தது. அதற்குப் பின் அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. 2024-இல் சித்தியை அழைத்துக்கொண்டு மறுபடியும் கப்பல் ஏறியபோது அம்மா வீட்டில்தான் இருந்தார். இந்த முறை இறங்கும் நாளை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்கிறேன்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

கப்பல் ஏழு மணிக்குக் கரை சேரும், ரயில் இரவு ஏழு மணிக்கு, ஆகவே பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது என்று எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். ஏழு மணி என்பது கப்பலைக் கட்டும் நேரம். துறைமுக அதிகாரிகளின் அனுமதி கிடைத்து, தளம் தளமாகப் பயணிகளை இறக்கி, குடிநுழைவு வரிசையைக் கடந்து, பெட்டியைத் தேடி எடுத்து வெளியே வரும்போது ஒன்பதரை, பத்து ஆகிவிடும்.

அந்தப் பக்கத்தையும் பாருங்கள். ஜொகூர் பாரு சென்ட்ரலில் ஏழு மணிக்கு ரயில் என்று வைத்துக்கொள்வோம். ஆறே காலுக்காவது நிலையத்தில் இருக்க வேண்டும். கடற்பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சாதாரண நாளில் முக்கால் மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலையும் விடுமுறைக்கு முந்தைய நாளும் இரண்டு மணி நேரத்தையும் விழுங்கும், ஏனென்றால் சிங்கப்பூரில் வேலை செய்யும் நம்மவர்கள் எல்லாரும் அந்நேரம்தான் வீடு திரும்புகிறார்கள். நகர மையத்திலிருந்து உட்லண்ட்ஸ் போகவே எம்ஆர்டியில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். எல்லாவற்றையும் கழித்தால் பிற்பகல் மூன்று மணிக்கு நகரத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

ஆக, பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை. ஐந்து மணி நேரம். அதிலும் ஒரு சாப்பாடு, இரண்டு முறை கழிப்பறை, இடம் மாறும் நேரம், வயதானவர் உட்கார்ந்து மூச்சு வாங்கும் நேரம் போக மிஞ்சுவது மூன்று மணி நேரம்தான். மெர்லயன், செந்தோசா, ஆர்ச்சர்ட் சாலை, முஸ்தபா என்று நான்கு இடங்களை எழுதிக்கொண்டு போனால் நான்கையும் டாக்சிக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள். ஒரு வட்டாரம், ஒரு சாப்பாடு, உடன் வரும் பெரியவர் ஆசைப்படும் ஓர் இடம். இவ்வளவுதான் கொள்ளும்.

எந்தத் துறைமுகம் என்பதை முதலில் பாருங்கள்

சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல்களுக்கு இரண்டு துறைமுகங்கள் உண்டு. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் 2012-இல் திறக்கப்பட்ட மரினா பே உல்லாசக் கப்பல் நிலையத்துக்கு வரும். மற்றது பழைய ஹார்பர்பிரண்ட். இரண்டும் ஒரே ஊரில்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். அன்றைய திட்டமே இதைப் பொறுத்து மாறும்.

ஹார்பர்பிரண்டில் இறங்கினால் வேலை எளிது. எம்ஆர்டி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. வடகிழக்குப் பாதையில் ஏறினால் சைனாடவுன், அதே ரயிலில் இன்னும் சற்றுத் தூரம் போனால் லிட்டில் இந்தியா. பாதை மாறவே வேண்டாம்.

மரினா பேயில் இறங்கினால் மரினா சவுத் பியர் நிலையம் நடந்து போகும் தூரம்தான். ஆனால் பெட்டியும் வெயிலும் சேர்ந்தால் அந்தத் தூரம் நீளமாகத் தெரியும். வடக்கு தெற்குப் பாதையின் கடைசி நிலையம் அது என்பதால் இருக்கை நிச்சயம். டோபி காட்டில் இறங்கி வடகிழக்குப் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. இன்னொரு வசதி, அதே வடக்கு தெற்கு ரயில் நேராக உட்லண்ட்ஸ் வரை போகும். ஒன்றும் பார்க்க வேண்டாம், வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரே ரயில். எல்லா எம்ஆர்டி நிலையத்திலும் மின்தூக்கி இருப்பதால் சக்கர நாற்காலிக்கும் சிரமம் இல்லை. வெளிநாட்டு வங்கி அட்டையைத் தட்டியே போகலாம். வங்கி சிறிது கட்டணம் பிடிக்கும், அவ்வளவுதான்.

முதல் நாள் இரவே செய்ய வேண்டியவை

கடைசி இரவு பெரிய பெட்டிகளில் வண்ணச் சீட்டைக் கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் அவை கரையில் வண்ணவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். இங்கேதான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்து வெளியே வைத்துவிட்டு, காலையில் உடுத்த மாற்றுத் துணி இல்லாமல் இரவு கட்டிய கைலியோடு நிற்பவரை நானே பார்த்திருக்கிறேன். சிரிப்பாக இருந்தாலும் மருந்து அந்தப் பெட்டிக்குள் போய்விட்டால் சிரிப்பு வராது. கடப்பிதழ், அன்றைய மாத்திரை, இன்சுலின், ஒரு மாற்று உடை, குடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.

பெட்டியைத் தாமே இழுத்துக்கொண்டு முதலில் இறங்கவும் பல கப்பல்களில் அனுமதி உண்டு. ஆளுக்கு ஒரு சிறிய சக்கரப் பெட்டி என்றால் இதுவே நல்லது. ஒரு மணி நேரம் மிச்சம். ஆனால் பெரியவர்களுடன் பெரிய பெட்டியும் இருந்தால் அவசரப்படாதீர்கள். இறங்கிய பின் பெரிய பெட்டிகளைப் பணம் கொடுத்து வைத்துவிட்டுப் போகும் இடத்தை ஊரிலிருக்கும்போதே இணையத்தில் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். அந்த இடம் நீங்கள் சுற்றப்போகும் வட்டாரத்திலேயே இருக்க வேண்டும். துறைமுகத்தில் வைத்துவிட்டால் அதை எடுக்கவே திரும்பப் போக வேண்டும், ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும். 2019-இல் எங்களைக் கட்டிப்போட்டது பெட்டிதான்.

மின்வருகை அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூருக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் எஸ்ஜி அரைவல் கார்டு தேவை. கப்பல் ஏறப் போகும்போது ஒன்று பூர்த்தி செய்தோமே என்று இருந்துவிடாதீர்கள். கப்பலிலிருந்து இறங்குவது புதிய வருகை. வருகை நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் இலவசமாகப் பூர்த்தி செய்யலாம். பணம் கேட்கும் இணையத்தளம் எதுவும் அதிகாரப்பூர்வமானது அல்ல. மலேசியாவுக்குத் திரும்பும்போது நம் குடிமக்களுக்கு மின்வருகை அட்டை தேவையில்லை.

கைப்பையில் இருக்கக் கூடாதவையும் உண்டு. சிகரெட்டுக்குச் சிங்கப்பூரில் வரிவிலக்கே கிடையாது. கப்பல் கடையில் மலிவாக வாங்கியது கரையில் மலிவாக இருக்காது. மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம், 2025 செப்டம்பரிலிருந்து தண்டனை மேலும் கடுமையாகிவிட்டது. நம் வீட்டுப் பாட்டிகளுக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மெல்லும் புகையிலைக்கும் அங்கே தடை. வெற்றிலைப் பையைக் கப்பலிலேயே ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

தரையும் ஆடும்

இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மூன்று நான்கு நாள் கப்பலில் இருந்தவர்களுக்கு இறங்கிய பின்னும் தரை ஆடுவதுபோல் இருக்கும். உடல் கடலின் ஆட்டத்துக்குப் பழகிவிட்டதால், நிலையான தரைக்கு மீண்டும் பழக நேரம் எடுக்கிறது. பலருக்குச் சில மணி நேரத்தில், சிலருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். இளவயதினருக்கு அது வேடிக்கை. எழுபது வயதுக்காரருக்கு நகரும் படிக்கட்டில் கால் வைக்கும்போது அதுவே விழக் காரணமாகிவிடும். சித்தி எம்ஆர்டி படிக்கட்டின் முன் நின்று, "என்னடா இது, இன்னும் கப்பல்லயே இருக்கிற மாதிரி இருக்கு" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கு போனாலும் மின்தூக்கிதான். அறிகுறி பல நாட்கள் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் காலைச் சாப்பாட்டைக் கப்பலிலேயே முடித்துவிடுவது நல்லது. வெளியே போய்ப் பசியாறலாம் என்று வெறும் வயிற்றோடு இறங்கி, வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று மயங்கினால் நாளே முடிந்துவிடும்.

கோயிலா, தேக்காவா?

பெரியவர்கள் கோயிலுக்குப் போக ஆசைப்பட்டால் அதுதான் முதலில். நண்பகலோடு நடை சாத்திவிடுவார்கள், மறுபடி திறப்பது மாலையில். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றால் கோபுரத்தை மட்டும்தான் பார்க்க முடியும்.

சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில், 1827-இல் மரமும் அத்தாப்புமாகத் தொடங்கியது. அதை எழுப்பிய நாராயண பிள்ளை, 1819-இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். கப்பலை விட்டு இறங்கிய கையோடு போய்க் கும்பிட அதைவிடப் பொருத்தமான கோயில் இல்லை என்பது என் கணிப்பு. பக்கத்தில் மேக்ஸ்வெல் எம்ஆர்டி நிலையம் இருக்கிறது. அது தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் இருப்பதால் அங்கிருந்து நேராக உட்லண்ட்ஸ் போகலாம். மரினா பேயில் இறங்கும் பாலோக்காரருக்கு இதுதான் மிகச் சுருக்கமான வழி: ஒரே ஒரு முறை பாதை மாறி கோயில், பக்கத்திலேயே மேக்ஸ்வெல் உணவங்காடியில் சாப்பாடு, அப்படியே வடக்கே வீடு.

லிட்டில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில், எதிரும் புதிருமாகக் கடைகள், தேக்கா சந்தை எல்லாம் நடக்கும் தூரத்திலேயே. 1947-லிருந்து நடக்கும் கோமள விலாஸில் இலைச் சாப்பாடு சாப்பிடலாம். ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் என்பதால் எங்கள் சித்தி ஒவ்வொரு தோசையையும் மூன்றால் பெருக்கிவிட்டுத்தான் வாயில் வைத்தார். அந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டு, இன்ன தொகை செலவழிப்போம் என்று பணத்தை மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டால் அங்கே நிம்மதியாகச் சாப்பிடலாம்.

வெயில் ஏறும் பன்னிரண்டு மணிக்கு மேல் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் நல்ல ஒதுங்கல். 2015-இல் திறந்தது. குளிர்சாதனம், மின்தூக்கி, உட்கார இடம் மூன்றும் உண்டு. தென்கிழக்காசியாவுக்கு வந்த இந்தியர்களின் பொருள்களும் படங்களும் இருக்கின்றன. தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் அங்கே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே சுற்றுவார், பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொள்ளலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மதியத்துக்குப் பின் அந்த வட்டாரமே வெளிநாட்டுத் தொழிலாளர்களால் நிரம்பிவிடும். அது அவர்களின் ஒரே ஓய்வு நாள். பார்க்க உற்சாகமாக இருக்கும், ஆனால் கைத்தடியோடு நடப்பவருக்கு இடம் இருக்காது. அன்று இரண்டு மணிக்கே கிளம்பிவிடலாம். முஸ்தபாவுக்குள் நுழைவதாக இருந்தால் ஒருவர் மட்டும் கடிகாரத்தோடு நுழைவது நல்லது. குடும்பமாக நுழைந்தவர்கள் எத்தனை மணிக்கு வெளியே வருவார்கள் என்பதற்கு எந்தக் கணக்கும் உதவாது.

தஞ்சோங் பகார்

சித்தியோடு நாங்கள் லிட்டில் இந்தியாவுக்குப் போகவில்லை. மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு டாக்சி பிடித்து கெப்பல் சாலைக்குப் போனோம்.

தஞ்சோங் பகார் நிலையம் 1932-இல் திறக்கப்பட்டது. நம் தண்டவாளத்தின் தென்கோடி. 1909-இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்து கெமாஸும் ஜொகூர் பாருவும் இணைந்தபோது பாலோ வழியாகப் போகும் பாதையும் வந்தது. 1924-இல் கடற்பாலம் முறைப்படி திறந்தபின் பாலோவில் ஏறியவர் கடலைத் தாண்டிச் சிங்கப்பூரிலேயே இறங்கலாம் என்றானது. மதராஸ், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர்களுக்கும் ஓர் இடைத்தங்கல் இருந்தது. ஆனால் அது ஊர் சுற்றுவதற்கு அல்ல. நோய் பரவாமல் இருக்க அவர்களைத் தீவுகளில் தனிமைப்படுத்தி வைத்தார்கள். சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு, பினாங்கில் ஜெரெஜாக் தீவு. அதன்பின் ரயிலேறித் தோட்டத்துக்கு.

2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் அங்கிருந்து புறப்பட்டது. அதை ஓட்டியவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம், இன்றைய நம் மாமன்னர். மறுநாள் முதல் ரயில்கள் உட்லண்ட்ஸோடு நின்றுவிட்டன. கட்டடம் சிங்கப்பூரின் தேசிய நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. நாங்கள் போனபோது கீழே காண்டோன்மென்ட் எம்ஆர்டி நிலைய வேலை நடந்துகொண்டிருந்ததால் உள்ளே போக முடியவில்லை. முகப்பில் நான்கு பெரிய பளிங்குச் சிலைகள் நிற்கின்றன: வேளாண்மை, தொழில், வணிகம், போக்குவரத்து. உள்ளே சுவரில் மலாயாவின் வாழ்க்கையைக் காட்டும் பெரிய ஓவியங்கள் உண்டு, அவற்றில் ஒன்று பால்மரம் வெட்டும் காட்சி. அதைச் சித்திக்குக் கைப்பேசியில்தான் காட்ட முடிந்தது.

வேலியோரம் நின்று அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டோம். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த வாசல்லதான் தாத்தா என்னைப் பெட்டி மேல உக்காத்தி வச்சிட்டு டிக்கெட் எடுக்கப் போவாரு. நீ சின்னப் பிள்ள, உனக்குத் தெரியாது" என்றார் சித்தியிடம். மொத்தம் இருபது நிமிடம். அன்றைய நாளில் எங்களுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

கடற்பாலத்தைத் தாண்டி

திரும்பும் வழிகளில் எனக்குப் பிடித்தது உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாரு சென்ட்ரலுக்குப் போகும் தெப்ராவ் ரயில். ஐந்தே நிமிடம், கட்டணம் ஐந்து சிங்கப்பூர் வெள்ளி. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் உட்லண்ட்ஸிலேயே முடித்துவிடலாம், சாலை நெரிசல் தொடாது. ஒரே குறை, டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். கப்பல் தேதி உறுதியானதும் இதையும் எடுத்துவிடுங்கள். அந்த ரயில் நிலையம் உட்லண்ட்ஸ் எம்ஆர்டி நிலையத்தோடு ஒட்டியது அல்ல, அங்கிருந்து பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கிடைக்காவிட்டால் குவீன் ஸ்திரீட் பஸ் நிலையத்திலிருந்து 170-ஆம் எண் பஸ் அல்லது ஜொகூர் பாரு விரைவு பஸ். லிட்டில் இந்தியாவிலிருந்து அது அதிக தூரமில்லை.

புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கியதும் மேலே சொன்ன கணக்கே மாறிவிடும். நான்கு கிலோமீட்டர், ஐந்து நிமிடம், ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர் வரை ஏற்றிச் செல்லும் திறன். மூன்று மணிக்குப் பதில் நான்கரைக்குக் கிளம்பினாலும் போதும் என்ற நிலை வரும். மேக்ஸ்வெல்லில் ஏறினால் உட்லண்ட்ஸ் நார்த் வரை ஒரே எம்ஆர்டி.

ஜொகூர் பாருவிலிருந்து பாலோவுக்கு இப்போது நல்ல காலம். 2025 டிசம்பரில் இடிஎஸ் மின்ரயில் ஜொகூர் பாரு வரை வந்துவிட்டது. இரட்டைத் தண்டவாளத்தோடு நம் பாலோ நிலையமும் புதிதாக நிற்கிறது. எந்த ரயில் பாலோவில் நிற்கிறது என்பதைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். நேரம் ஒத்துவராவிட்டால் குளுவாங்கில் இறங்கி, சுமார் 30 கிலோமீட்டர் காரில் வரலாம். பகல் நேரமாக இருந்தால் குளுவாங் நிலையத்தில் 1938-லிருந்து நடக்கும் காப்பிக் கடையில் ஒரு காப்பியும் சுட்ட ரொட்டியும். நான்கு நாள் கப்பல் சாப்பாட்டுக்குப் பின் அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ரயிலே கிடைக்கவில்லை என்றால் லார்க்கினிலிருந்து குளுவாங்குக்கு பஸ் உண்டு.

சில கப்பல்கள் கிள்ளான் துறைமுகத்திலும் பயணிகளை இறக்கும். அங்கே எல்லைச் சிக்கல் இல்லை. ஆனால் கப்பல் நிலையம் இண்டா தீவில் இருப்பதால் கிள்ளான் பட்டணத்துக்கு வண்டி வேண்டும். தெங்கு கிளானா சாலையில் சாப்பிட்டுவிட்டு, கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து இடிஎஸ்ஸில் தெற்கே வரலாம்.

நாங்கள் பாலோ வந்து சேர்ந்தபோது இரவு பத்தாகியிருந்தது. அம்மா தூங்காமல் முன்வாசலில் உட்கார்ந்திருந்தார். கப்பலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த நாலு சிலையும் அப்படியேதான் இருக்கா?" என்று கேட்டார்.